எங்கள் ஊர்க் கவுண்டரும் பேப்பரில் வந்த கவுண்டரும்

எங்கள் மாமாவைக் கொன்றது கவுண்டர்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். பேப்பரில் போட்டது பொய்யாகவா இருக்கும்?

போன வாரம் பேரன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மாயி, இன்னொருத்தன என்கவுண்டர்ல போட்டுட்டாங்க" என்று விசிலடித்தான். எந்த ஊர்க் கவுண்டருடா என்று கேட்டேன். அவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அவன் சிரித்தது எனக்குப் படிப்பு இல்லை என்பதற்காக. நான் சிரித்தது வேறு கணக்கு.

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. காது மட்டும் நல்ல காது. ஒரு வீட்டில் முணுமுணுத்தால் நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்கும். ஆனால் புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால், எனக்குத் தெரிந்த பழைய சொல் ஒன்றின் பக்கத்தில் அதை உட்கார வைத்தால்தான் மனசு ஆறும். யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் தப்பு நடந்துவிடும்.

அரும்பாவூரிலிருந்து மலைப்பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். சின்ன வெங்காயம் போடுகிற ஊர். மாமா, அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கிணற்றில் மோட்டார் இறக்குவது, கெட்டுப்போனால் தூக்கிக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். மீசை முளைத்த புதிதில் யாரோ கொடுத்த செம்புக்கம்பியை எடைக்குப் போடப் போய், அது திருட்டுக்கம்பி என்று மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எது காணாமல் போனாலும் போலீசுக்கு மாமா ஞாபகம் வந்துவிடும். கோழி காணாமல் போனாலும் மாமாதான். கோழி தானாகக் கூண்டுக்குத் திரும்பி வந்துவிடும். மாமா திரும்பி வரத்தான் ரெண்டு நாள் ஆகும்.

வரும்போது ஒரு மாதிரி நடந்து வருவார். குதிகாலைத் தரையில் ஊன்றாமல், ஈரச் சாணி மெழுகிய வாசலில் பூனை நடக்கிற மாதிரி. ஒருமுறை கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது பார்த்தேன், உள்ளங்கால் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. என்ன மாமா இது என்று கேட்டேன்.

"மருதாணி. ஸ்டேசன்ல வச்சுவுட்டாங்க. பாவம், தூங்காம உக்காந்து வச்சுவுட்டானுவ."

"கைக்கு வைக்கலியா?"

"அவனுவளுக்குக் காலுதான் புடிக்கும்."

"எனக்கும் வச்சுவுடச் சொல்லுங்க மாமா."

உப்பு வறுத்து ஒத்தடத்துக்குத் துணியில் முடிந்துகொண்டிருந்த அம்மா, முடிச்சை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மாமா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கானால் பொறாமை. எங்கள் வீட்டு வேலியில் இருந்த மருதாணிச் செடி ஆடு மேய்ந்து குச்சியாய் நின்றது. ஸ்டேசனில் என்னவோ ஊர்ப்பட்ட செடி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சைக்கிளில் போன போலீஸ்காரரை நிறுத்தி இரண்டு கைகளையும் நீட்டினேன். என்ன பாப்பா என்றார். மருதாணி என்றேன். எங்க மாமாவுக்கு வச்சீங்கல்ல, அதுமாதிரி என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார், பெடலை மிதித்துப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கவுண்டர் என்று ஒருவர்தான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கிணற்றோடு நிலம் வாங்கி, வெங்காயம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர். அவருக்குப் பேர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. அவர் கிணற்று மோட்டார் ஒருநாள் காலையில் காணாமல் போனது.

அன்று மத்தியானம் அம்மா வாசலில் வெங்காயம் ஆய, மாமா பக்கத்தில் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார். ஜீப் வந்து நின்றது. மாமா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பழகின பஸ்ஸில் ஏறப்போகிறவர் மாதிரிதான் இருந்தார். அம்மா, சாப்பிட்டுட்டுப் போகட்டும் சார் என்று கேட்டாள். அங்க போடுவோம் என்றார் ஒருவர். மாமா என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"போயிட்டு வரேன். வரும்போது ஒனக்கும் வாங்கியாறேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு மருதாணியைப் பற்றித்தான்.

மறுநாள் மாமா வரவில்லை. வந்தது சேதி. சுட்டுட்டாங்களாம் என்று தெருவே வந்து எங்கள் வாசலில் நின்றது. ஒடம்பு எங்க என்று அம்மா கேட்டாள். போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிட்டாங்க என்றார்கள். அவ்வளவு அழுகைக்கு நடுவில் எனக்கு மட்டும் கொஞ்சம் தெம்பு வந்தது. போஸ்ட்டில் அனுப்பியிருந்தால் தபால்காரர் கொண்டு வந்துதானே ஆகவேண்டும்? தெருமுனையில் போய் உட்கார்ந்துகொண்டேன். தபால்காரர் வந்தார். எங்க மாமாவக் கொண்டாந்தீங்களா என்று கேட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். எங்கள் தெருவின் கடைசி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவே இல்லை.

உடம்பை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று டவுன் சுடுகாட்டிலேயே வைத்துக்கொண்டு எங்களை வரச் சொன்னார்கள். சுற்றிலும் காக்கி. முகத்துத் துணியை விலக்கிக் காட்டி, பார்த்தாச்சுல்ல என்றார்கள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, நேராகக் கால்மாட்டுக்குப் போனாள். ஒருத்தர் தடுப்பதற்குள் அந்தப் பக்கத்துத் துணியைத் தூக்கிவிட்டாள். நானும் பார்த்தேன். மருதாணி அதுவரைக்கும் அப்படிப் பற்றியதே இல்லை. விரலிடுக்கு வரைக்கும், கணுக்கால் வரைக்கும், சிவப்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. மாமா சொன்ன சொல் தவறாமல் வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார், எனக்கு வாங்கிவரத்தான் அவருக்கு நேரமில்லை என்று நினைத்தேன்.

தீ வைத்த பிறகு அம்மா குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள். நின்றிருந்த ஜீப்பின் மேல் வாரித் தூற்றினாள்.

"என் தம்பிய தின்ன கை வெளங்காமப் போவ."

ஒரு போலீஸ்காரர் துணி எடுத்து ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவுதான். கொன்றவர்கள் மேல் மண் தூற்ற வேண்டும் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த மண்ணை அம்மா வீணாக்கிவிட்டாள் என்று அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். பன் வாங்கப் போன நான் நின்று கேட்டேன். தேடப்பட்டு வந்தவராம் எங்கள் மாமா. வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தவரை அப்படி எங்கெங்கே தேடினார்களோ. ராத்திரி ஏரிக்கரையில் பதுங்கியிருந்தாராம், பிடிக்கப் போனவர்களை அரிவாளால் வெட்ட வந்தாராம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அரிவாள். மாமா கீழே வைத்த இடத்திலிருந்து எடுத்து அம்மா அதைக் கூரையில் செருகியிருந்தாள். இதெல்லாம் படித்துவிட்டுக் கடைசியில் அந்த ஆள், என்கவுண்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று முடித்தார்.

கவுண்டர்! படிக்கிறவர் எதற்காக 'என்' கவுண்டர் என்று சொந்தம் கொண்டாடுகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மற்றபடி எல்லாம் பொருந்தியது. மோட்டார் அவருடையது. கோபம் அவருக்குத்தான் இருக்கும். அம்மா மண்ணைக் கொண்டுபோய் ஜீப்பின் மேல் தூற்றுகிறாளே.

பன்னைத் தின்றுவிட்டு நேராகக் கவுண்டர் காட்டுக்குப் போனேன். வரப்பில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தார். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, வெங்காயம் வேணுமா?"

"எங்க மாமாவ ஏன் கொன்னீங்க?"

மண்வெட்டி அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்ருக்கு. டீக்கடையில படிச்சாங்க. கவுண்டருதான்னு."

"எம்பேரு போட்ருக்கா?"

"ஆமா."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் மடையை உடைத்துக்கொண்டு போனதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கைநாட்டு. நான் அரைக் கைநாட்டு. எங்களில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தாலும் அந்த விஷயம் வெளியே வந்தே இருக்காது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அம்மா உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "நாந்தாம்மா காரணம்" என்று ஆரம்பித்தார். கதவோரத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு கேள்வியில் கொலைகாரரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது இதுதான். மோட்டார் காணோம் என்று ஸ்டேசனில் போய்ச் சொன்னார். மோட்டார் மாட்டினது யாரு என்று கேட்டார்கள். மாமா பேரைச் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் ஆத்தூரிலிருந்து மருமகன் வருகிறார், கையோடு மோட்டாரும் வருகிறது. சத்தம் சரியில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிக்கொண்டு போய்ப் பழுது பார்த்திருக்கிறார். கவுண்டர் பதறி ஸ்டேசனுக்கு ஓடினார். அங்கே மாமா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மோட்டார் கிடைத்துவிட்டது, அவனை விட்டுவிடுங்கள் என்று இவர் கெஞ்சினார். காலையில அனுப்புறோம், நீ போய்யா என்றார்கள். வாசல்படி இறங்கும்போது உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டுச் சொன்னாராம்.

"கவுண்டரே, அடுத்த தடவ கெட்டுப்போனா ஆத்தூருக்கெல்லாம் அனுப்பாதீங்க. எங்கிட்டயே குடுங்க."

நடக்க முடியாதவன் ராத்திரி ஏரிக்கரைக்கு எப்பிடிம்மா போயிருப்பான் என்றார் கவுண்டர்.

அம்மா அழவில்லை. "ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வராராம். இத அங்க வந்து சொல்லுவீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டாள். சொல்றேம்மா என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த ஒரு சொல்தான் சோறு, தண்ணீர். அவன் ஸ்டேசன்லதான் இருந்தான்னு ஒருத்தர் வாயால வந்தாப் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்குப் பயம். செத்தவன் செத்துட்டான், இருக்கிற புள்ளயப் பாரு என்றார். இதற்குள் கவுண்டர் டீக்கடைக்குப் போய், எம்பேரு போட்ட பேப்பர் எங்க என்று கேட்டிருக்கிறார். கடையே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அது இங்கிலீசு கவுண்டருங்க, நீங்க இல்ல என்று விளக்கியிருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லையாம். கேட்ட டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாராம்.

என்னையும் கூப்பிட்டு, அது வேற கவுண்டரு பாப்பா என்று கேலி செய்தார்கள். அந்த வேற கவுண்டரு எந்த ஊரு என்று கேட்டேன். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நான் அவர்களை நம்பவில்லை. வாசலில் நின்று நாந்தான் என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான்.

இனி அவர் வருவாரா என்பதுதான் அம்மாவுடைய கவலை. பேர் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் தலைமுறைக்கும் நிம்மதி. போதாததற்கு ஸ்டேசனிலிருந்து இரண்டு பேர் அவர் காட்டுக்கு வந்து, மோட்டாரெல்லாம் நல்லா ஓடுதா கவுண்டரே என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

விசாரணை டவுனில் ஒரு பயணியர் மாளிகையில் நடந்தது. நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் இறங்கினார்கள். கடைசியில் அவர் இறங்கினார். சலவைச் சட்டை, துண்டு கக்கத்தில். எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போனார்.

சன்னலில் தொற்றிக்கொண்டு நான் கேட்டேன். ஸ்டேசன்ல அவனப் பாத்தேங்க, கால நீட்டி உக்காந்திருந்தாங்க என்றார் கவுண்டர். எத்தனை மணிக்கு என்று கேட்டார் ஆபீசர்.

"வெளக்கு வைக்கிற நேரங்க."

"கடிகாரம் கட்டியிருந்தியா?"

"இல்லீங்க."

"அப்பறம் நேரம் எப்படித் தெரியும்?"

"இருட்டுனா வெளக்கு வைப்போங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்காமல், சரி போ என்றார். வெளியே வந்த கவுண்டரை அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கொலைகாரரைக் கும்பிடுகிறாளே என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கீழே இறக்கவில்லை.

பல மாசம் கழித்து முடிவு வந்தது. தற்காப்புக்காகச் சுட்டது என்று முடித்துவிட்டார்களாம். தங்கக்காப்புக்காகச் சுட்டது என்று என் காதில் விழுந்தது. மாமாவிடம் ஏது தங்கக்காப்பு, அரைஞாண்கூடக் கறுப்புக் கயிறுதானே என்று நான் வாதாடினேன். பிறகு சுட்டவருக்குத்தான் தோளில் ஏதோ ஒன்று கூடுதலாகக் குத்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு வேறு ஊர், பெரிய ஸ்டேசன்.

கவுண்டருக்கு வந்த பலன் வேறு. வண்டியில் விளக்கு இல்லை என்று ஒரு கேஸ். இல்லாத திருட்டுக்குப் புகார் கொடுத்து ஏமாற்றினார் என்று ஒரு கேஸ். அவர் காட்டுக்கு வெங்காயம் எடுக்கப் போகிற பெண்களை ஜீப் நிறுத்தி, எங்க வேலைக்கிப் போறீங்க என்று விசாரித்தது. பெண்கள் நின்றுவிட்டார்கள். எடுக்க ஆளில்லாமல் ஒரு வெள்ளாமை முழுக்க மண்ணிலேயே முளை விட்டது. அம்மா மட்டும் போய் அவளால் ஆன மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஒருதடவை சந்தைக்குப் போனவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரெண்டு நாள் கழித்து எங்கள் தெரு வழியாகத்தான் நடந்து வந்தார். குதிகாலை ஊன்றாமல், பூனை மாதிரி.

பார்த்ததும் தெரிந்துவிட்டது எனக்கு. இவருக்கும் வைத்துவிட்டிருக்கிறார்கள். மாமாவைக் கொன்றவருக்கே மருதாணியா என்று கோபம் புசுபுசுவென்று வந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் அவர் நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஆத்தூர்ப் பக்கமே கிளம்பினார். மாமாவைக் கொன்றதற்காக ஊரைவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். வண்டியில் தட்டுமுட்டுச் சாமான், மேலே அந்த மோட்டார். தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, அம்மாவைப் பார்த்து, வரேம்மா என்றார்.

அவர் திரும்பினபோது நான் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினேன். அம்மா தூற்றின மாதிரியே தூற்றினேன். கை வெளங்காமப் போவ என்றும் சொன்னேன். சலவைச் சட்டை முதுகு முழுக்க மண்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஓடி வந்தாள். தானும் ஒரு கை அள்ளிப் போடத்தான் வருகிறாள் என்று நான் தள்ளி நின்று இடம் விட்டேன். அவள் முந்தானையை எடுத்து அவர் தோளிலிருந்து கீழ்வரைக்கும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விம்மினாள்.

"வுடும்மா" என்றார் கவுண்டர். "யாரு மேலயாச்சும் வுழத்தானே வேணும்."

பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். ஏறும்போதும் குதிகால் படாமல்தான் ஏறினார். அவருக்கு மருதாணி இன்னும் அழியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மண் ஒட்டிய என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். எனக்குத்தான் யாரும் வைத்துவிடவே இல்லை.